அத்தை கடல் பார்க்கப் போனாள்

ஆசிரியர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, மேஜைமேல் ஒரு வர்ணப் படத்தைத் தள்ளினார். நீலக் கடல்; அதை அரைவட்டமாக வளைத்துக்கொண்டு மலை; மலையடிவாரம் முழுவதும் வெள்ளை வெளேரென்று ஹோட்டல்கள்; மணலில் வரிசை வரிசையாகக் குடைகள்.

"இது மெக்ஸிகோ தேசத்தில் உள்ள அக்காபுல்கோ. பசிபிக் சமுத்திரக் கரை. ஒரு காலத்தில் ஹாலிவுட் நட்சத்திரங்களெல்லாம் ஓய்வெடுக்கப் போன ஊர். அங்கே ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து ஆட்கள் கடலுக்குள் தலைகீழாகப் பாய்கிறார்கள். ஜனங்கள் பணம் கொடுத்து அதைப் பார்க்கிறார்கள். கோடைக்கு ஏற்ற விஷயம். நீர் ஒரு கடற்கரை ஊருக்குப் போய் வந்து எழுதும்" என்றார்.

என் மனசு அந்தப் பாறை உச்சிக்கே போய் நின்றுவிட்டது. பாஸ்போர்ட்டை எந்த அலமாரியில் வைத்தோம் என்று யோசித்துக்கொண்டே, "எப்போது புறப்பட வேண்டும், ஸார்?" என்று கேட்டேன்.

"இன்று ராத்திரியே புறப்படலாம். பட்டுக்கோட்டையில் உமக்கு ஓர் அத்தை இருப்பதாகச் சொன்னீரே? அங்கிருந்து கடல் 20 கிலோ மீட்டர்தானே?"

பாறை உச்சியிலிருந்து தலைகீழாகப் பாய்வது எப்படியிருக்கும் என்பதை அந்தக் கணமே தெரிந்துகொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி, "மெக்ஸிகோ என்றால் நீங்கள் மட்டும் போயிருப்பீர்கள். பட்டுக்கோட்டை என்பதால் நானும் வரலாம். ஆசிரியர் நன்றாக இருக்கட்டும்!" என்று சொல்லிப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்கிப் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறினோம். மே மாதம். வயல்களில் உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. பூமி வெடித்துக் கிடந்தது. ஒரத்தநாடு வந்ததும் என் மனைவி, "இங்கே இறங்குகிறோம்" என்றாள். காரணம் கேட்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். பெட்டியுடன் நானும் இறங்கினேன்.

அவள் பார்க்க விரும்பியது முக்தாம்பாள் சத்திரம். தஞ்சாவூரை ஆண்ட சரபோஜி மகாராஜா கட்டியது. முக்தாம்பாள் அவருடைய பிரியத்துக்குரிய பெண்மணி. சாகும் தறுவாயில், "என் பெயரால் ஒரு சத்திரம் கட்டி அன்னதானம் செய்யுங்கள்" என்று அவள் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1802-ஆம் வருஷத்தில் சத்திரம் எழுந்தது. தேர் போன்ற அமைப்பு. குதிரையும் யானையும் இழுத்துக்கொண்டு போவதுபோல் வேலைப்பாடு. காலத்தின் கை அதன்மேல் நன்றாகவே பட்டிருக்கிறது. என்றாலும் வாசலில் நிற்கும்போது, இந்த இடத்தில் தினந்தோறும் நூற்றுக்கணக்கான பேருக்கு இலை போட்டார்கள் என்பதை நம்ப முடிகிறது.

இந்தப் பாதையே அந்த நாளில் ராமேசுவரத்துக்குப் போகும் சேது மார்க்கம். காசியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் யாத்திரிகர்கள் நடந்தே வருவார்கள். அவர்களுக்காக மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், இங்கே முக்தாம்பாள், கடற்கரை ஓரமாக ராஜாமடத்தில் மோகனாம்பாள். பெயர்களைக் கவனித்தீர்களா? எல்லாம் பெண்களின் பெயர்கள். கோட்டைக்கும் கொத்தளத்துக்கும் தங்கள் பெயரை வைத்துக்கொண்ட ராஜாக்கள், சோறு போடும் இடத்துக்கு மட்டும் அரண்மனைப் பெண்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

1799-இல் சரபோஜி தம் ராஜ்யத்தின் நிர்வாகத்தையே கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும்தான். ஆனால் இந்தச் சத்திரங்களை மட்டும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. 1801-இல் ரெசிடெண்ட் டாரின் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்பதை அதில் விவரித்திருக்கிறார். பிராமணர் முதல் பக்கிரிகள் வரையில் வருகிறவர் எல்லாருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுப்பார்கள். வழியில் நோயுற்றவர்களுக்கு வைத்தியமும் மருந்தும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு நள்ளிரவானாலும் பால் கிடைக்கும். கர்ப்பிணிகள் யாத்திரையின் நடுவில் பிரசவித்தால், சத்திரத்திலேயே பிரசவம் பார்த்து, அதற்குப் பிறகு மூன்று மாதம் வைத்துப் பராமரித்து அனுப்புவார்கள்.

இதை நான் சொன்னபோது என் மனைவி சத்திரத்தின் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"மூன்று மாதமா? நம் பெரியவன் பிறந்தபோது எங்கள் அம்மா வீட்டிலேயே நாற்பது நாளில் அனுப்பிவிட்டார்கள்!"

அதற்கு மேல் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு க்ஷேமமாகத் தோன்றவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

பட்டுக்கோட்டையை நெருங்கும்போதெல்லாம் சிறு வயதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வயல் முடிந்து தென்னை ஆரம்பிக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது. அதற்கு அப்புறம் சூரியனே தெரியாது; இரண்டு பக்கமும் தென்னந்தோப்புத்தான். இந்தத் தடவை அந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை. தென்னை இருக்கிறது, ஆனால் பல தோப்புகளில் எல்லாம் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரே வயசுப் பிள்ளைகளாக நிற்கின்றன. பெரியவர்கள் இல்லாத பள்ளிக்கூடம் மாதிரி.

அத்தை வாசலிலேயே காத்திருந்தாள். 71 வயது. அத்தை மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவள் மட்டும் கொல்லையையும் ஒரு பசுவையும் பார்த்துக்கொண்டு பட்டுக்கோட்டையை விட்டு அசையமாட்டேன் என்கிறாள். மோர் கொடுத்தாள். வந்த காரியத்தை விசாரித்தாள்.

"மனோராவுக்குப் போகலாம் என்று வந்தோம் அத்தை. நீயும் வா. எத்தனை வருஷமாச்சு கடலைப் பார்த்து?"

அத்தை என் தம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "கடலையா? அதுதான் வீட்டுக்கே வந்து எங்களைப் பார்த்துட்டுப் போயிடுச்சே, தம்பி. நான் வேற தனியாப் போயிப் பார்க்கணுமா?"

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, கஜா புயல், அதைத்தான் சொல்கிறாள். பத்திரிகைக்காரனாகிய நான் அந்தப் புயலைப் பற்றிச் செய்தி எழுதினவன்தான். லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன என்று எழுதியிருக்கிறேன். அத்தை வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நின்று அந்தக் கணக்கை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

"மொத்தம் நாற்பது மரம். உங்க மாமா வச்சது பாதி, எங்க மாமனார் வச்சது பாதி. ராத்திரி காத்து ஆரம்பிச்சுது. முதல்ல ஓலைதான் பிய்யுதுன்னு நினைச்சேன். அப்புறம் 'மடக்'குன்னு ஒரு சத்தம். எலும்பு ஒடியற மாதிரி. ஒண்ணு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. விளக்கு இல்லை. பசுவை உள்ளே கொண்டாந்து கூடத்திலே கட்டிட்டு, அதும் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். முப்பத்து மூணு வரைக்கும் எண்ணினேன். விடிஞ்சு கதவைத் திறந்தா, கொல்லைப்புறத்திலே வெளிச்சம் கண்ணைக் கூசுது. இந்த வீட்டுக்கு நான் வாழ வந்து அம்பது வருஷத்திலே அந்தப் பக்கமா வெயில் வந்து நான் பார்த்ததில்லே."

கரெண்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்றாம். விழுந்த மரங்களை அறுத்துக் கொண்டுபோக அவ்வளவு நாள் கூடப் போதவில்லை. தென்னையைப் பிள்ளை என்று சொல்கிற ஊர் அது. கன்று நடுவதற்குப் 'பிள்ளை வைக்கிறது' என்றே பெயர். அப்படிப்பட்ட வீட்டில் அந்த ஒரு மாதம் எப்படிப் போயிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அத்தை கடல் பக்கம் போகவில்லை. முன்பெல்லாம் காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு தெருவோடு மனோராவுக்குக் கிளம்புகிறவள் அவள்தான்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று முடித்துவிட்டாள்.

என்னால் ஆகாத காரியம் என் மனைவியால் ஆயிற்று. அதுவும் அவள் அறியாமலே. ராத்திரி படுக்கப் போகும்போது, "அங்கே ஏதாவது ஹோட்டல் இருக்கும் இல்லையா, பெரியம்மா? சாப்பாட்டை அங்கேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவைத்தாள். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தயிர்சோற்றுக்கு மாவடுவும் எடுத்து வைத்தாள். ஆறு மணிக்கு மூன்று தூக்குகளும் ஒரு கூஜாவும் திண்ணையில் நின்றன.

"இவ்வளவையும் யார் தூக்கறது? அவனுக்கு ஒரு கைதான் இருக்கு, இன்னொரு கையிலே போட்டோ மிஷினு" என்றாள் அத்தை. பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து ஆட்டோவில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

முதலில் மல்லிப்பட்டினம் துறைமுகம். துறை நிறைய விசைப்படகுகள். ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று அரசாங்கம் தடை போடுகிறது. ஆகையால் எங்கும் வர்ண வாசனை. ஒரு படகுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றின் அடிப்பலகையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். நிழலில் பெரியவர்கள் வலையை விரித்து, காலின் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, கண்ணி கண்ணியாகப் பார்த்து முடிந்தார்கள். நாட்டுப் படகுகளுக்குத் தடையில்லை. அவை மட்டும் விடியற்காலையில் போய்விட்டு வந்து சின்னக் கூடைகளில் நண்டையும் கணவாயையும் இறக்கின.

கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் அத்தை பேரம் பேச உட்கார்ந்தாள். அத்தை பேரம் பேசுவதென்றால் அது சங்கீதக் கச்சேரி மாதிரி. ஆலாபனையே கால் மணி நேரம். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மருமகள் எப்படி என்றெல்லாம் சுற்றிவிட்டு, இரண்டு பேரும் கஜாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"எங்களுக்கு ஒரு படகிலே பங்கு இருந்திச்சு அக்கா. துறையிலே கட்டியிருந்த படகு. அன்னிக்குக் காலையிலே வந்து பார்த்தா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குது. எது எங்களதுன்னே தெரியலை. எஞ்சினு வச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிச்சாரு. பலகை ஒண்ணும் மிச்சமில்லே" என்றாள் அந்த அம்மாள்.

"எங்களுக்கு முப்பத்து மூணு மரம்" என்றாள் அத்தை.

"அய்யோ! மரமா? படகுன்னா கடனை ஒடனை வாங்கி இன்னொண்ணு செஞ்சுக்கலாம். மரத்தை எந்தக் கடையிலே போயி வாங்குறது? ஆறேழு வருஷம் தண்ணி ஊத்தணுமே!"

"அதனாலே என்ன? நட்டா வளரும். கடனா வாங்குறோம்? நீங்கதான் பாவம், வட்டி கட்டணும்."

இரண்டு பேரும் தத்தம் நஷ்டத்தைக் குறைத்து, அடுத்தவள் நஷ்டத்தை உயர்த்திப் பேசிக்கொண்டே போனார்கள். இப்படி ஒரு பேரத்தை நான் கேட்டதே இல்லை. கடைசியில் அத்தை கேட்ட விலைக்குமேல் பத்து ரூபாய் கொடுத்தாள்; அந்த அம்மாள் எடைக்குமேல் ஒரு கை நெத்திலியை அள்ளிப் போட்டாள்.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே சரபேந்திரராஜன்பட்டினம். சரபேந்திரர் என்றால் சரபோஜிதான். காலையில் ஒரத்தநாட்டிலிருந்து வந்தாலும், சாயங்காலம் கடற்கரைக்குப் போனாலும், அந்த மகாராஜாவை விட்டு இந்தச் சீமையில் தப்ப முடியாது. அங்கேதான் மனோரா நிற்கிறது.

சுற்றிலும் அகழி, மதில். நடுவில் அறுகோண வடிவில் எட்டு அடுக்குக் கோபுரம். சுமார் 75 அடி உயரம். அடுக்கு அடுக்காக மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வீட்டில் சீர் வரிசைக்கு அடுக்கிய தட்டுகள் ஞாபகம் வரும். 'மினார்' என்ற சொல்தான் ஜனங்கள் வாயில் மனோரா ஆயிற்று. இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் மனசை மயக்குகிற ஏதோ ராணியின் பெயர் போல் இருக்கிறது. என் மனைவி அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாளாம்.

"ஏன் தம்பி, இதை எதுக்குக் கட்டினாரு ராஜா? சின்ன வயசிலேருந்து வர்றேன், யாரும் சொன்னதில்லே" என்று அத்தை கேட்டாள்.

"நெப்போலியன் தோற்றுப்போனதற்காக அத்தை."

"யாரு?"

சொன்னேன். பிரான்ஸ் தேசத்துச் சக்கரவர்த்தி. ஐரோப்பாவையே ஆட்டி வைத்தவன். ஆங்கிலேயரும் அவர்களுடன் சேர்ந்த மற்ற அரசர்களும் அவனை வீழ்த்தினார்கள். அந்த வெற்றியைக் கொண்டாட, தம்மை ஆங்கிலேயரின் நண்பர் என்று சொல்லிக்கொண்டு, சரபோஜி இந்தக் கோபுரத்தைக் கட்டி, பல பாஷைகளில் கல்வெட்டும் வெட்டி வைத்தார்.

"அந்தப் பிரெஞ்சுக்காரன் தஞ்சாவூருக்கு என்ன பண்ணினான்?"

நல்ல கேள்வி. எகிப்து வரையில் வந்த நெப்போலியன், 1799-இல் மைசூர் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினான். அது போய்ச் சேரவில்லை. அதே வருஷம் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்புவும் மாண்டான். அக்டோபரில் சரபோஜி கம்பெனியாருடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ராஜ்யத்தைக் கொடுத்தார். அதாவது, தஞ்சாவூருக்கு நெப்போலியன் ஒன்றுமே செய்யவில்லை. செய்தவர்கள் யாரோ, அவர்களுடைய வெற்றிக்குத்தான் கோபுரம் எழுந்திருக்கிறது.

"பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நம்ம வீட்டு வாசல்லே பந்தல் போட்ட மாதிரி இருக்கே!" என்றாள் அத்தை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மனோராவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் வாட்டர்லூ யுத்த வெற்றிக்காகக் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். வாட்டர்லூ யுத்தம் நடந்தது 1815 ஜூன் 18-ஆம் தேதி. மனோராவின் வருஷமோ 1814. அந்த வருஷம் ஏப்ரலில் நெப்போலியன் முதல் தடவையாக முடி துறந்து எல்பா தீவுக்குப் போனான். அந்தச் செய்தி கப்பலேறித் தஞ்சைக்கு வந்து, 'ஒழிந்தான்' என்று கோபுர வேலையும் ஆரம்பமாயிற்று. ஆனால் 1815 பிப்ரவரி கடைசியில் அவன் எல்பாவிலிருந்து தப்பிப் புறப்பட்டுவிட்டான்! அந்தச் செய்தி வந்தபோது இங்கே சாரத்தில் நின்ற கொத்தனார்களுக்கு என்ன உத்தரவு போயிருக்கும் என்று கற்பனை செய்து நான் சிரித்துக்கொண்டேன். நல்ல வேளை, வாட்டர்லூ வந்து மகாராஜாவின் மானத்தைக் காப்பாற்றியது.

ஒன்று சொல்ல வேண்டும். சரபோஜியை ஏளனம் செய்துவிட்டுப் போவது சுலபம். சரஸ்வதி மகால் நூல்நிலையத்தைப் பெருக்கி நமக்கு வைத்துவிட்டுப் போனவர் அவர்தான். கையில் ராஜ்யம் இல்லாத ராஜா. சத்திரங்களையும் சுவடிகளையும் காப்பாற்றிக்கொள்ளத் துரைமார்களின் தயவு வேண்டியிருந்தது. 75 அடிக் கோபுரம் அதற்கு அவர் கொடுத்த விலையோ என்னவோ! எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. சரித்திரப் பேராசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

கோபுரத்து நிழலில் புளிச்சோற்றைப் பிரித்தோம். கடல் முன்னாலேயே இருந்தது. மெரீனாவுக்குப் போய்ப் பழகியவர்கள் இங்கே வந்தால் ஏமாந்துவிடுவார்கள். அலையே இல்லை. குளத்தங்கரை மாதிரி 'களக் களக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கரையில் சேறும் பாசியும். பாக் ஜலசந்தி ஆழம் குறைந்த கடல்; எதிரே இலங்கை மதில் மாதிரி நின்று பெரிய அலைகளை மறித்துக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் பட்ட பாட்டை இந்தக் கரை படாமல் தப்பியதற்கும் அதுதான் காரணம்.

ஆழம் குறைந்து, வெளிச்சம் அடிவரைக்கும் போவதால், கடலுக்கு அடியில் இங்கே புல் வளர்கிறது. ஆமாம், புல்தான், பச்சைப் புல்வெளி. புல் இருந்தால் மேய்வதற்குப் பசு வேண்டாமா? அதுவும் இருக்கிறது! கடற்பசு என்று புத்தகத்தில் போடுவார்கள். பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு நாட்டுப் படகுக்காரர், "ஆவுளியா" என்றார். நாங்கள் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பத்தடி நீளம் இருக்குங்க. மீன் இல்லே அது. மூச்சு வாங்க மேலே வரும். குட்டிக்குப் பால் கொடுக்கும். ஒரு குட்டிதான் போடும்; அதுவும் வருஷத்துக்கு மேலே சுமக்கும். குட்டி தாயை விட்டு நகராது. எங்க தாத்தா காலத்திலே கறிக்குப் பிடிச்சிருக்காங்க; பொய் சொல்லலை. இப்போ வலையிலே மாட்டினா வலையை அறுத்து விட்டுடறோம். வலை போனா போவட்டும்."

வலை போனால் போகட்டும் என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டார். ஒரு வலையின் விலை என்ன என்பது துறைமுகத்தில் விரல்களால் வலை முடிந்தவர்களைக் கேட்டால் தெரியும். அப்படி விடுவிக்கிற மீனவர்களுக்கு வனத்துறையினர் வெகுமதி கொடுத்துக் கௌரவிக்கிறார்கள். இந்தியக் கடல்களில் மொத்தமே சில நூறு கடற்பசுக்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோ மீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இப்படி ஒன்று இதுதான் முதல்.

அத்தைக்கு இதெல்லாம் ஒரே ஆச்சரியம். "குட்டிக்குப் பால் கொடுக்குதா? கடலுக்கு உள்ளேயா? தண்ணியிலே கரைஞ்சு போயிடாது?" என்று கேட்டாள். படகுக்காரர் சிரித்தார். கூடத்தில் கட்டிய பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரியைக் கழித்தவள், அதற்கு மேல் என்ன நினைத்தாளோ, தெரியாது. தூக்குகளை மூடிவிட்டு எழுந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள்.

சேற்றில் கால் வைத்து, கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு. இன்னும் பத்தடி போனாலும் முழங்கால்தான். என் மனைவி பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் படம் எடுத்தேன்.

"இதுதானா அன்னிக்கு அப்படிப் பண்ணிச்சு?" என்றாள் அத்தை, எங்களைத் திரும்பிப் பாராமலே. "பூனைக்குட்டி மாதிரி காலை நக்குது, பாரு."

எனக்கு அப்போது ஆசிரியர் காட்டிய படம் ஞாபகம் வந்தது. அத்தை கரைக்கு வந்து புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றிச் சொன்னேன். அந்த ஹோட்டல்களும் குடைகளும் பழைய கதை. 2023 அக்டோபர் 25-ஆம் தேதி ஓட்டிஸ் என்ற புயல் அக்காபுல்கோவை அடித்தது. முதல் நாள் சாதாரணப் புயல் என்றுதான் கணித்திருந்தார்கள். ஒரே நாளில் அது அசுர பலம் கொண்டு, நள்ளிரவுக்குப் பிறகு ஊருக்குள் புகுந்தது. விடிந்து பார்த்தால், உயர்ந்த ஹோட்டல்களெல்லாம் கண்ணாடியும் சுவரும் போய் எலும்புக்கூடாக நின்றன.

"அங்கேயும் ராத்திரியிலேதான் வந்துச்சா?" என்றாள் அத்தை. பிறகு, "அங்கே தென்னை உண்டா?" என்றாள்.

உண்டு. அந்தப் பக்கத்துக் கரையெல்லாம் தென்னைதான். ஸ்பெயின்காரர்களின் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து பட்டும் வாசனைச் சாமானும் ஏற்றிக்கொண்டு அக்காபுல்கோவுக்கு வந்துபோன காலத்தில், தேங்காயும் கூட வந்து மெக்ஸிகோவின் அந்தக் கரையில் இறங்கியது. நம் கிழக்குத் திசைப் பிள்ளைதான் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டி அங்கே வேர் விட்டிருக்கிறது.

"அப்படின்னா அங்கேயும் எவளாவது ஒருத்தி ராத்திரி முழுக்க எண்ணிக்கிட்டு இருந்திருப்பா" என்றாள் அத்தை.

திரும்பும் வழியில் ஆட்டோவை ஒரு நாற்றுப் பண்ணை வாசலில் நிறுத்தச் சொன்னாள். 2019-இல் அவள் நட்ட கன்றுகள் இருபது பிழைத்து, நாலைந்து பாளை விட ஆரம்பித்திருக்கின்றன. கிணற்றடியில் இன்னும் இரண்டு குழி காலியாகவே கிடக்கிறதாம். இத்தனை வருஷம் ஏன் நடவில்லை என்று நான் கேட்கவில்லை. நெட்டையா குட்டையா என்று பண்ணைக்காரரோடு நெடுநேரம் விவாதித்தாள். குட்டை சீக்கிரம் காய்க்கும், நாலு வருஷத்தில் இளநீர் குடிக்கலாம் என்றார் அவர்.

"நெட்டையே கொடு. எனக்கு என்ன அவசரம்?" என்றாள் 71 வயது அத்தை.

அன்று சாயங்காலமே இரண்டையும் நட்டாயிற்று. குழி வெட்டியது நான். உள்ளங்கையில் இன்னும் கொப்புளம் இருக்கிறது.

சென்னை திரும்பியதும் செலவுக் கணக்கை ஆசிரியரிடம் கொடுத்தேன். ரயில், பஸ், ஆட்டோ, நெத்திலிக் கருவாடு, தென்னங்கன்று இரண்டு. கருவாட்டைத் தாண்டிவிட்டு, தென்னங்கன்றுக்கு நேராகச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். படங்களையும் பார்த்தாராம். மனோரா நன்றாக விழுந்திருக்கிறதாம்; ஆனால் தண்ணீரில் நிற்கிற அம்மாளின் முகம் ஏன் தெரியவில்லை என்று கேட்கிறார்.